மெலோடிராமா 'மிகைநாடகம்' ஆகுமா?

மருத்துவத் தொடர்களைப் பற்றிய விமர்சனம் எதைப் படித்தாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "நன்றாகத்தான் போகிறது, ஆனால் ஒரே மிகைநாடகம்." போன வாரம் மட்டும் மூன்று இடங்களில் படித்தேன். மெலோடிராமாவுக்குத் தமிழ்ச் சொல்லாக இதை வைத்திருக்கிறார்கள். இது தவறான தமிழாக்கம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் மெலோஸ் என்றால் பாட்டு, பிரெஞ்சில் ட்ராம் என்றால் நாடகம். தத்துவவாதி ரூசோவின் 'பிக்மாலியன்' நாடகம் 1770-ல் லியோன் நகரில் மேடையேறியபோது, நடிகர் பேச்சை நிறுத்தும் இடங்களை இசை நிரப்பியது. 1802-ல் ஆங்கில நாடகாசிரியர் தாமஸ் ஹோல்கிராஃப்ட் ஒரு பிரெஞ்சு நாடகத்தைத் தழுவி லண்டனில் போட்டார். இந்தப் பெயர் ஆங்கில மேடைக்கு அதோடு வந்தது. அந்த நாடகத்தில் அநியாயத்துக்கு ஆளான ஒருவருக்கு வாய் பேச வராது. அவர் பட்டதையெல்லாம் உடலும் இசையும்தான் சொல்லியாக வேண்டும். இந்தச் சொல்லின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வாயால் சொல்ல முடியாத உணர்ச்சி வேறு வழியில் உடைத்துக்கொண்டு வருவதுதான் மெலோடிராமா.

இதில் எது 'மிகைநாடகம்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது? இசையும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. மிகை மட்டும் இருக்கிறது. நூலுக்கு ஆகாதவை என்று நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறலுக்கு அடுத்து நிற்பது மிகைபடக் கூறல். அவ்வளவு பழைய குற்றப்பெயரை எடுத்து ஒரு நாடக வகையின் நெற்றியில் ஒட்டினால், பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பெயர் ஒரு பொருளை அடையாளம் காட்டினால் போதும். நல்லதா கெட்டதா என்பதைப் பார்ப்பவர் சொல்லிக்கொள்வார்.

இன்னொன்று, மிகை என்று சொல்ல முதலில் ஓர் அளவு வேண்டும். மிகை இரத்த அழுத்தம் என்கிறோம், சரி. இயல்பான அழுத்தம் எவ்வளவு என்பதற்கு எண் இருக்கிறது. பிள்ளையை அறுவை அரங்குக்குள் அனுப்பிவிட்டு மூடிய கதவுக்கு முன் நிற்கும் தாயின் அழுகைக்கு எந்த எண்ணை வைத்து மிகை சொல்வது?

மிகைநடிப்பு என்ற சொல்லும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மிகைநாடகம் என்றதும் காதில் விழுவது அதுதான். ஆனால் மருத்துவத் தொடர்களில் நடிப்பு பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். திரையில் இதயத்துடிப்புக் கோடு நேராகிவிடுகிறது. மார்பை அழுத்திக்கொண்டிருந்த மருத்துவர் கையை எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இறந்த நேரத்தை முணுமுணுப்பாகச் சொல்கிறார். கையுறையைக் கழற்றிப் போடுகிறார். தாழ்வாரத்துக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்காருகிறார். ஒரு பாட்டு மெல்ல ஏறுகிறது. இதில் நடிப்பு எங்கே மிகை? தொண்டையில் குழாய் செருகிய நோயாளியால் பேச முடியாது, உறவினர் உள்ளே வரக் கூடாது, மருத்துவர் அழக் கூடாது. 1802-ன் அந்த வாய் பேசாத மனிதர்தான் இங்கே மூன்று பேராக நிற்கிறார். குண்டுவெடிப்பும் விமான விபத்தும் ஒரே மருத்துவமனையின் தலையில் வந்து விழுந்தாலும் மக்கள் 'கிரேஸ் அனாடமி' என்ற அமெரிக்க மருத்துவத் தொடரை 2005-லிருந்து விடாமல் பார்ப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அடக்கி வைத்த அழுகைக்கு அங்கே வழி கிடைக்கிறது.

உண்மையான மிகையும் அந்தத் தொடர்களில் உண்டு. 1996-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 'ஈஆர்' உள்ளிட்ட மூன்று அமெரிக்கத் தொடர்களில், நின்றுபோன இதயத்துக்கு உயிர்ப்பு முதலுதவி (சிபிஆர்) செய்த காட்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். 75 விழுக்காட்டினர் அந்த நேரத்துக்குப் பிழைத்தார்கள். உண்மையில் பிழைப்பவர்கள் இதைவிட மிகவும் குறைவு. இதை மிகை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். இங்கே அளவு இருக்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள்மேல் எனக்குப் பொதுவாகவே ஒரு வருத்தம். ஓவர், ஹைப்பர், எக்ஸ்ட்ரா எது வந்தாலும் கை தானாக 'மிகை'யை எடுத்துவிடுகிறது. ஒன்றை உயர்த்திச் சொல்வதற்கு அணியிலக்கணம் 'உயர்வு நவிற்சி' என்று குற்றம் சாட்டாமல் பெயர் வைத்தது. அந்தப் பொறுமை இப்போது குறைந்துவிட்டது.

அப்புறம் என்ன சொல்? 'இசை நாடகம்' ஆகாது. அது வேறொரு வகைக்குப் பெயராகிவிட்டது. 'மெய்ப்பாட்டு நாடகம்' அழகுதான். ஆனால் மெய்ப்பாடு, அதாவது உணர்ச்சி உடலில் தெரிவது, இல்லாத நாடகமே கிடையாது என்பதால் எதையும் பிரித்துக் காட்டாது. நான் எழுதுவது 'உணர்ச்சிப்பெருக்கு நாடகம்'. கண்ணீர் பெருகியது, உவகை பெருகியது என்கிறோம். அவற்றில் குற்றத்தின் வாடை இல்லை. ஆற்றில் நீர் பெருகுவதுபோல உள்ளிருந்து எழுந்து கரையைத் தொடும் அசைவும் அந்தச் சொல்லில் இருக்கிறது. நீளம் என்பார்கள். நீளம் தாங்காதவர் மெலோடிராமா என்றே எழுதட்டும்; தவறான தமிழைவிடக் கடன் வாங்கிய சொல் மேல்.

அந்த விமர்சன வரியை நான் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: "நல்ல உணர்ச்சிப்பெருக்கு நாடகம், ஆனால் பிழைப்பவர்கள் எண்ணிக்கைதான் மிகை."