டைல்: ஓடா, வில்லையா, சில்லா?

யாரும் திருத்தக்கூடிய கட்டற்ற இணைய உலகப் படமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ஆர்வலர்கள் 2007-இல் மான்செஸ்டரில் தொடங்கிய ‘ஸ்டேட் ஆஃப் தி மேப்’ மாநாடானாலும் சரி, கட்டற்ற புவித்தகவல் மென்பொருள்காரர்கள் கூடும் ஃபாஸ்ஃபோர்ஜி ஆனாலும் சரி, மேடை ஏறும் வல்லுநர்களின் பேச்சில் ஒரு சொல் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்: டைல். டைல் சர்வர், டைல் கேஷ், வெக்டர் டைல். நமக்கோ டைல்ஸ் என்றால் குளியலறைத் தரைதான். அதுவும் ஒருமைக்கே ‘ஸ்’ ஒட்டிவிட்டோம். “ஒரு டைல்ஸ் பெயர்ந்துடுச்சு” என்றுதான் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம்.

நிலப்படத்தில் டைல் என்பது உலகப் படத்தைச் சம அளவு சதுரங்களாக வெட்டி வைத்த துண்டு. வழக்கமான அளவு 256-க்கு 256 படப்புள்ளிகள். முழு உலகமும் ஒரே சதுரத்தில் அடங்குவது சுழியம் மட்டம். ஒரு மட்டம் பெரிதாக்கினால் ஒவ்வொரு சதுரமும் நான்காகும்: 1, 4, 16, 64. பத்தாவது மட்டத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். தெருவும் வீடும் தெளிவாகத் தெரியும் பதினெட்டாவது மட்டத்தில் சுமார் 6,870 கோடி. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று எண்களில் ஒரு விலாசம் உண்டு: மட்டம், நிரல் (நெடுக்கு வரிசை), நிரை (குறுக்கு வரிசை). 10/740/474 என்று கேட்டால் சென்னை வரும். நிரையை வடக்கிலிருந்து எண்ணுவதா தெற்கிலிருந்தா என்பதில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. மாற்றி எண்ணிவிட்டால் சென்னைக்குப் பதில் இந்தியப் பெருங்கடலின் நடுவே ஒரு வெற்று நீலச் சதுரம் வந்து நிற்கும்.

உருண்டை உலகம் எப்படிச் சதுரமாயிற்று? நிலப்பட வல்லுநர் மெர்க்கேட்டர் 1569-இல் வகுத்த முறையில் துருவத்தை நெருங்க நெருங்கப் படம் நீண்டுகொண்டே போகும், முடிவே கிடையாது. ஆகவே வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 85.05 பாகையில் கத்தரித்துவிட்டார்கள். அங்கே வெட்டினால் உயரமும் அகலமும் சரியாகப் பொருந்துகின்றன. வட துருவமும் தென் துருவமும் இணையப் படத்தில் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

டைல் முறையைப் பரவலாக்கியது கூகுள் மேப்ஸ். அது 2005 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன்பு அம்புக்குறியை அழுத்தினால் சர்வர் மொத்தப் படத்தையும் புதிதாக வரைந்து அனுப்பும், பக்கம் முழுவதும் மறுபடி ஏற்றமாகும். முன்கூட்டியே வெட்டி அடுக்கி வைத்தபின் அந்தத் தொல்லை போயிற்று. விரலால் இழுக்கும்போது ஓரத்தில் குறையும் துண்டுகளை மட்டும் எடுத்து ஒட்டினால் போதும். ஆனால் வெட்டி அடுக்கும் யோசனை பழையது. இந்திய நில அளவைத் துறையின் தாள்களைப் பாருங்கள்: நான்கு பாகைக் கட்டத்துக்கு ஓர் எண், அதைப் பதினாறாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, அதையும் பதினாறாக்கி மறுபடி எண். கணினிக்காரர்கள் நான்காக வெட்டியதை அவர்கள் எப்போதோ பதினாறாக வெட்டிவிட்டார்கள்.

சொல்லின் வேர் லத்தீன். ‘டெகெரே’ என்றால் மூடுதல். அதிலிருந்து ‘டெகுலா’, கூரை மூடும் ஓடு. ஜெர்மானியரின் ‘ட்ஸீகல்’ அதே பிறப்பு. ஆங்கிலத்தில் டைல் கூரையிலிருந்து தரைக்கு இறங்கி, சுவருக்கு ஏறி, கடைசியில் திரைக்கு வந்தது.

அப்படியானால் தமிழில் ‘ஓடு’ என்று சொல்லிவிடலாமே? வேர்ப்பொருள் கச்சிதம். ஆனால் வேற்றுமை உருபு ஏறியதும் வம்பு. “சர்வரிலிருந்து ஓட்டை இறக்கு” என்றால் எந்த ஓட்டை என்று கேட்பார்கள். ‘வில்லை’ அழகான சொல். கற்பூர வில்லை, மாத்திரை வில்லை என்று சிறு தட்டையான பொருளுக்கு ஏற்கெனவே பழகியது. படத்தோடு சேர்த்தால்தான் சிக்கல். “படவில்லை கண்ணில் படவில்லை” என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், நானே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. ‘கட்டம்’ நல்ல சொல்தான், ஆனால் அது இடத்தின் பெயர். இடத்தை நிரப்பும் துண்டுக்கு வேறு பெயர் வேண்டும்.

என் கை ‘சில்லு’ பக்கம் போகிறது. பாண்டி ஆடிய யாருக்கும் விளக்க வேண்டாம்: கட்டத்தில் எறியும் தட்டைத் துண்டு. பெரும்பாலும் அது உடைந்த கூரை ஓட்டின் சில்லுதான், ஆக டெகுலாவோடும் தூரத்து உறவு உண்டு. மைக்ரோசிப்புக்கும் சில்லு என்கிறார்கள், இலங்கையில் சைக்கிள் சக்கரமே சில்லு. ஆகவே தனியாக விடாமல் ‘படச்சில்லு’ என்றால் குழப்பம் இல்லை. உடைந்தது என்ற சாயல் கொஞ்சம் உறுத்தும், ஒப்புக்கொள்கிறேன்.

வெக்டர் டைல்தான் இன்னும் முள்ளாக நிற்கிறது. அதில் வருவது வரைந்து முடித்த படமே அல்ல. சாலைக்கோடு, கட்டட எல்லை, பெயர் எல்லாம் தரவாக வந்து நம் கைப்பேசியில்தான் வரையப்படும். அதனால்தான் படத்தைத் திருப்பினாலும் எழுத்து நிமிர்ந்தே நிற்கிறது. தரவில் தமிழ்ப்பெயர் இருந்தால் ஊர்ப்பெயரைத் தமிழிலேயே காட்டவும் முடிகிறது. இதைத் ‘திசையன் சில்லு’ என்று எழுதினால் பள்ளி இயற்பியலில் படித்த விசையும் திசைவேகமும் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு திசையைப் பற்றியதல்ல, புள்ளியும் கோடுமாக அமைந்த வடிவத்தைப் பற்றியது. ‘வடிவச் சில்லு’ என்று இப்போதைக்கு எழுதிவருகிறேன்.