வியூஸ் எண்ணிக்கையைக் காட்டி விலை பேசாதீர்கள்

இன்னொரு தயாரிப்பாளர், இன்னொரு ஸ்கிரீன்ஷாட். "ஒரு கோடி வியூஸ் சார், அடுத்த படத்துக்கு இதை வைத்து விலை கேட்கலாம்தானே?" பார்வையாளர் கணக்கை அலசுவதுதான் என் பிழைப்பு. இப்படி வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: படம் ஓடிய அந்த ஓடிடி தளம் எதை ஒரு வியூ என்று எண்ணுகிறது? யாரும் விசாரித்துவிட்டு வருவதில்லை.

ஒரு கோடி வியூஸ் என்றால் ஒரு கோடிப் பேர் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. எத்தனை முறை சொன்னாலும் இது மண்டையில் ஏறுவதில்லை. நெட்ஃபிளிக்ஸையே பாருங்கள். ஒரு காலத்தில் படத்தில் 70 சதவீதமாவது ஓடினால்தான் கணக்கில் சேரும். 2019 கடைசியில் அதை 2 நிமிடம் என்று ஆக்கினார்கள். அதனால் மட்டுமே எண்ணிக்கை சராசரியாக 35 சதவீதம் கூடும் என்று அவர்களே முதலீட்டாளர்களுக்கு எழுதினார்கள். 2021-ல், எல்லோரும் சேர்ந்து பார்த்த மொத்த மணிநேரக் கணக்கு வந்தது. நீளமான படங்களுக்குக் கொண்டாட்டம். 2023 ஜூனிலிருந்து அந்த மணிநேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து, வருவதை வியூ என்கிறார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. படிக்கத்தான் ஆளில்லை.

வகுத்தால் என்ன ஆகும்? இரண்டு மணி நேரப் படம். பத்து லட்சம் பேர் அரை மணி நேரத்தில் அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் ஐந்து லட்சம் மணிநேரம், அதாவது இரண்டரை லட்சம் வியூஸ். இரண்டரை லட்சம் பேர் கடைசிவரை ரசித்துப் பார்த்த படத்துக்கும் இதே எண்தான் வரும். ஒன்று தோல்வி, மற்றது வெற்றி. வியூஸ் இரண்டையும் பிரித்துக் காட்டாது. (தியேட்டரில் மட்டும் என்ன வாழ்கிறது? டிக்கெட் விற்ற மொத்தப் பணமான கிராஸ் வசூலைப் போஸ்டரில் போட்டுவிட்டு, வரியும் தியேட்டர் பங்கும் போக மிஞ்சும் ஷேரைப் பற்றி வாயே திறப்பதில்லை.)

விளையாட்டில் கூத்து வேறு மாதிரி. 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று செய்தி வந்தது. அது உச்சம் தொட்ட ஒரு கணத்தின் எண்ணிக்கை, ஆட்டம் முழுக்க நின்ற கூட்டம் அல்ல. விளம்பரதாரருக்கு வேண்டியது நிமிடச் சராசரி, அதாவது ஒரு நிமிடத்தில் சராசரியாக எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது. அவர் விளம்பரம் ஓடும்போது பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம். எண்ணப்படுவதும் ஆட்கள் அல்ல, ஓடும் திரைகள். ஒரு டிவி முன்னால் குடும்பமே உட்கார்ந்திருந்தாலும் ஒன்று. ஒரே ஆள் போனிலும் டிவியிலும் வைத்திருந்தால் இரண்டு. மொத்த வியூஸ் என்றால் இன்னும் மோசம்: நெட் விட்டுவிட்டு வந்தால் ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு ஏறக்கூடும்.

சரி, என்ன செய்யலாம்? ஒப்பந்தம் போடும் முன் எழுத்தில் கேளுங்கள். எத்தனை நிமிடம் ஓடினால் ஒரு வியூ? எத்தனை நாள் கணக்கு? நெட்ஃபிளிக்ஸின் எல்லாக் கால டாப் பட்டியலே, வெளியான முதல் 28 நாள் கணக்கிலிருந்து முதல் 91 நாள் கணக்குக்குப் போனது. தானாக ஓடும் முன்னோட்டமும் இதில் சேர்த்தியா? முழுதாகப் பார்த்தவர்கள் எத்தனை சதவீதம்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தளங்கள் மழுப்பும். விடாமல் கேளுங்கள். தளமே சொல்லும் எண்ணையும், தளத்தைச் சாராத வெளி நிறுவனம் அளந்த எண்ணையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

அப்புறம் ரசிகர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். 2020-ல் வெளியான எண்ணையும் 2024-ல் வெளியான எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘சாதனை முறியடிப்பு’ என்று பகிராதீர்கள்.