பாதி ஃபார்மில் திரும்பிப் போகிறவர்கள்

வீட்டு மாடியில் சோலார் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம், வெப்சைட்டைச் சரிபண்ண வேண்டும் என்று என்னிடம் வந்தது. விளம்பரத்துக்கு மாதாமாதம் பணம் போகிறது, ஆட்களும் வருகிறார்கள், ஆனால் பேரும் நம்பரும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு, அதனால் விளம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், முதலில் ஃபார்மைக் காட்டுங்கள் என்றேன்.

11 கட்டங்கள் இருந்தன. பெயர், மொபைல், இ-மெயில், முகவரி, பின்கோடு, மின் இணைப்பு எண், மாத மின் கட்டணம், கூரை வகை, கூரையின் சதுர அடி, எப்போது போட உத்தேசம், எங்களைப் பற்றி எப்படித் தெரியும். எல்லாமே கட்டாயம். அடியில், நிரப்புவது மனிதர்தானா என்று சோதிக்கிற ஒரு கேப்சா, அதற்கும் கீழே 'சமர்ப்பி' என்று ஒரு பட்டன்.

அன்றைக்கு மானியம் பற்றி விசாரிக்க ஒரு பெரியவர் கடைக்கே வந்திருந்தார். ஐயா, ஒரு உதவி, இதைக் கொஞ்சம் நிரப்பிப் பாருங்கள் என்று என் போனைக் கொடுத்தேன். பெயர் அடித்தார், நம்பர் அடித்தார், இ-மெயிலில் நின்றுவிட்டார். "தம்பி, இ-மெயில் இல்லாம விடாதா?" பையனுடையதைப் போடுங்கள் என்றதும் அதை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். மின் இணைப்பு எண் கேட்டதும், "அட்டை வீட்ல இருக்கே" என்றார். சரி, ஏதாவது போடுங்கள் என்றேன். அடுத்தது மாத மின் கட்டணம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மாசத்துக்கா? நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதானே பில்லு வருது?" கொஞ்சம் யோசித்துவிட்டு, ரெண்டு மாதத் தொகையையே போட்டார். சதுர அடி வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் நேர்லயே கேட்டுக்கிறேன் தம்பி என்றார்.

பஸ் ஏறி விசாரிக்க வந்தவர், போடுவது என்று முடிவோடு இருந்தவர், அவராலேயே முடிக்க முடியவில்லை. அப்படியென்றால் ராத்திரி படுத்துக்கொண்டு போனில் விளம்பரத்தைப் பார்த்துத் தட்டி உள்ளே வருகிறவர் எத்தனை கட்டம் தாங்குவார்?

அந்த 'மாத மின் கட்டணம்' விஷயம் என்னை ரொம்பவே உறுத்தியது. வேறு மாநிலத்து வெப்சைட்டிலிருந்து அப்படியே எடுத்த ஃபார்ம் அது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். ரெண்டு மாதத் தொகையை மாதத் தொகை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், தேவையைப் போல ரெண்டு மடங்கு பெரிய பிளாண்ட்டுக்கு விலை சொல்லிவிடுவார்கள். விலையைக் கேட்டதும் அவர் போனை வைத்துவிடுவார். ஃபார்மைத் தாண்டி வந்தவரையும் ஒரே ஒரு வார்த்தை இப்படித் துரத்திக்கொண்டிருந்தது.

அப்புறம் விற்பனையில் இருப்பவர்களை உட்காரவைத்து ஒரே கேள்விதான் கேட்டேன். முதல் கால் பேசுவதற்கு முன்னால் உங்களுக்குக் கண்டிப்பாக என்ன தெரிந்திருக்க வேண்டும்? கடைசியில் தேறியது நான்குதான்: ரெண்டு மாத பில் சுமாராக எவ்வளவு, எந்த ஊர், பெயர், மொபைல். மற்றதையெல்லாம் போனில் ரெண்டே நிமிஷத்தில் கேட்டுவிடலாம். கூரை அளவை எப்படியும் ஆள் போய் டேப் பிடித்துத்தான் பார்க்கப்போகிறார்.

வரிசையையும் மாற்றினோம். முதலில் பில் தொகை, அதுவும் தட்டினால் போதும் என்கிற மாதிரி நாலைந்து அளவுகள். அதில் யாருக்கும் பயமில்லை. தட்டியதுமே அவர் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டியிருக்கும் என்று கீழே வரும். ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும், அப்படியென்றால் ரெண்டு மாதத்துக்குச் சுமார் 240 யூனிட். கூடவே மானியக் கணக்கு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய். வந்தவர் எதற்காக வந்தாரோ அதில் பாதி, நம்பர் கொடுப்பதற்கு முன்பே கையில் கிடைத்துவிடுகிறது. மொபைல் நம்பரைக் கேட்பது அதற்கப்புறம்தான்.

நிரப்புகிறவர்கள் கூடினார்கள். கூடவே வாடகை வீட்டுக்காரர்களும் நிறைய வந்தார்கள், போன் பேசுகிற பெண் களைத்துப்போனார். அதனால் 'சொந்த வீடா, வாடகையா' என்று ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்தோம். கட்டங்களைக் குறைத்துக்கொண்டே போவதுதான் வழி என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. போன் பேசுகிறவரின் நேரத்தை மிச்சப்படுத்துகிற கேள்வி இருக்கத்தான் வேண்டும்.

பட்டனில் 'சமர்ப்பி' என்று இருந்ததை 'என்னைக் கூப்பிடுங்கள்' என்று மாற்றினோம். சமர்ப்பிப்பது அரசு அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது செய்வது. பட்டனில் ஒரு வார்த்தை எவ்வளவு செய்யும் என்பதற்கு இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற உதாரணம் ஒபாமாவின் பிரசார வெப்சைட். 2007 டிசம்பரில் டான் சிரோக்கர் என்பவர் அங்கே 4 பட்டன்களையும், 6 படம் மற்றும் வீடியோக்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். 'பதிவு செய்க' என்ற பட்டனுக்குப் பதிலாக 'மேலும் அறிய', அதோடு ஒரு குடும்பப் படம். வந்தவர்களில் பதிவு செய்தவர்கள் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக ஏறினார்கள். குழுவில் இருந்தவர்களுக்கு வீடியோதான் பிடித்திருந்தது. சோதனையில் எல்லா வீடியோவும் படங்களைவிடக் கீழே போயின.

அந்தச் சோதனைக்கு 3 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்தார்கள். நமக்கு அந்தக் கூட்டம் கிடையாது. 3 சதவீதம் பதிவாகிற பக்கத்தில் அது 3.6 ஆனதா என்று நம்பிக்கையோடு சொல்ல, பழையது, புதியது என்று பக்கத்தின் ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 14,000 பேர் வர வேண்டும். 200 பேர் வந்ததை வைத்து இது ஜெயித்தது, அது தோற்றது என்று முடிவெடுக்கும் கடைக்காரர்களைப் பார்க்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதற்குப் பதில் ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் அவர்கள் விரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி மாதிரி இலவசக் கருவியை வெப்சைட்டில் போட்டால், முகம் தெரியாத ஆட்கள் ஃபார்மில் எங்கே நிற்கிறார்கள் என்பதும் தெரியும்.

சின்னச் சின்ன வேலைகளும் உண்டு. நம்பர் கட்டத்தைத் தொட்டால் எண் கீபோர்டு வர வேண்டும். நடுவில் இடைவெளி விட்டோ, முன்னால் 0 போட்டோ, +91 போட்டோ அடித்தால் திட்டாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். எழுத்து 16 பிக்ஸலுக்குக் கீழே இருந்தால் ஐபோனில் கட்டத்தைத் தொட்டதுமே பக்கம் பெரிதாகிக் கலைந்துவிடும். ஒரு தப்புக்காக நிரப்பிய அத்தனையையும் அழிக்கிற ஃபார்ம் இன்னும் இருக்கிறது, அதை இன்றைக்கே சரிபண்ணுங்கள்.

'இன்னும் 10 நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று பொய்க் கடிகாரம் வைக்கச் சொல்லி என்னிடமும் கேட்டார்கள். செய்ய மாட்டேன் என்றேன். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், பொய் அவசரம் காட்டுவது தடைசெய்த 13 ஏமாற்று வடிவங்களில் ஒன்று. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த சம்மதப் பெட்டியும் வேண்டாம். 2023 தனிநபர் தரவுச் சட்டப்படி சம்மதம் என்பது அவரே செய்கிற தெளிவான செயலாக இருக்க வேண்டும்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். நம்பர் கொடுத்தால் நாள் முழுக்க யார் யாரோ கூப்பிடுவார்கள் என்ற பயம் நம் ஆட்களுக்குப் பட்டுப் பட்டு வந்தது. ஒருவர் கொடுத்த பேரையும் நம்பரையும் நாலு பேருக்கு விற்கிறவர்கள் அந்தப் பயத்தை வளர்த்துவிட்டார்கள், அதன் விலையை இன்றைக்கு நேர்மையாகத் தொழில் செய்கிறவரும் கொடுக்கிறார். அதனால் நம்பர் கட்டத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினோம்: 'ஒரு முறைதான் கூப்பிடுவோம். உங்கள் நம்பரை வேறு யாருக்கும் தரமாட்டோம்.' எழுதுவதற்கு முன்னால் முதலாளியிடம் மூன்று தடவை கேட்டேன், இதைக் காப்பாற்றுவீர்களா என்று. யோசித்துத்தான் சரி என்றார்.

பட்டனை அழுத்திய பிறகு வரும் பக்கத்தில் 'நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்' என்றுதான் முன்பு இருந்தது. இப்போது 'இன்று மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் இந்த எண்ணிலிருந்து கூப்பிடுவோம்' என்று, கூப்பிடப்போகிற எண்ணே பெரிதாகத் தெரிகிறது. தெரியாத நம்பரை யாரும் எடுப்பதில்லையே. ரெண்டு வாரம் கழித்துப் போனபோது போன் பேசுகிற அந்தப் பெண் சொன்னார்: "இப்பல்லாம் எடுத்ததுமே, சொல்லும்மா, உன் போனுக்காகத்தான் உக்காந்திருக்கேன்னு சொல்றாங்க சார்."