ஸ்டாண்டு போடும் சத்தம்

சேலம் அம்மாபேட்டையில் வளர்ந்தவர்களுக்கு விசைத்தறிச் சத்தம் தாலாட்டு மாதிரி. ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருக்கும், ஒரு குழந்தையும் எழாது. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தூக்கம் கலையும். எங்கள் சந்தில் என் வயசுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் காதுக்கு மட்டும் இன்னொரு சத்தம் முக்கியம்: அவன் அப்பா டி.வி.எஸ் 50-ஐ ஸ்டாண்டு போடும் சத்தம். மெதுவாகப் போட்டால் சாதாரண நாள். ஓங்கி உதைத்துப் போட்டால் அம்மாவுக்கு அடி விழப்போகிற நாள். கோலி ஆடிக்கொண்டிருக்கும்போது எங்கள் யார் காதிலும் விழாத அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டுவிடும். ஆட்டத்தை அப்படியே விட்டு ஓடுவான். கொஞ்ச நேரத்தில் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவான்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் ‘கவனம் பத்தாது’ என்று பெயர். யோசித்தால், எங்கள் வகுப்பிலேயே அதிகக் கவனம் உள்ளவன் அவன்தான். பாடத்தின் மேல் இல்லை, அவ்வளவுதான்.

மூளைக்குள் இரண்டு பக்கமும், காதுக்கு உள்வாட்டில், பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்துக்கு முன்னால் வரும் அறிகுறிகளைக் கற்று வைத்துக்கொள்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ஒரு சத்தத்துக்குப் பின்னால் அடி வருகிறது என்று சில தடவை பட்டுவிட்டால் போதும். அடுத்த முறை அந்தச் சத்தத்துக்கே உடம்பைத் தயார் செய்துவிடும். அட்ரினலின் நொடிகளில் பாய்ந்து நெஞ்சைப் படபடக்க வைக்கும். கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பு சில நிமிடம் கழித்து ரத்தத்தில் ஏறும், சண்டை ஓய்ந்த பிறகும் சீக்கிரம் இறங்காது. எப்போதாவது என்றால் உடம்பு தாங்கிக்கொள்ளும். வாரத்துக்கு நாலு ராத்திரி என்றால் தூக்கம், பசி, ஞாபகம் என்று எல்லாவற்றையும் அது தொடும்.

2011-இல் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. வீட்டில் வன்முறையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளை ஸ்கேனில் படுக்கவைத்து, கோபமான முகங்களின் படங்களைக் காட்டினார்கள். மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு அமிக்டலாவும், உடம்பின் உள்நிலையைக் கவனிக்கும் இன்சுலா என்ற பகுதியும் கூடுதலாக வேலை செய்தன. போர்முனைக்குப் போய்வந்த சிப்பாய்களிடம் முன்பே கண்ட அதே மாதிரியான எதிர்வினை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: அந்தப் பிள்ளைகள் யாருக்கும் அப்போது மனநோய் இல்லை. அந்த வீட்டில் பிழைத்திருக்க எது தேவையோ அதை மூளை ஒழுங்காகக் கற்றிருக்கிறது. வெளியே வந்த பிறகும் அதை விட முடியாததுதான் சிக்கல்.

இது ஏதோ நாலு வீட்டுக் கதையும் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, கற்றதை எப்படி விடுவது? ‘அதையெல்லாம் மறந்துடு’ என்பது நம் ஊர் வைத்தியம். மூளை அப்படி மறப்பதில்லை. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களை வைத்துச் செய்த சோதனையிலேயே இது தெரிந்துவிட்டது. சத்தம் கேட்டால் சோறு வரும் என்று பழகிய நாய்க்கு, சோறு இல்லாமல் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எச்சில் ஊறுவது நின்றுபோகும். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அதே சத்தத்தைக் கொடுத்தால், திரும்பவும் ஊறும். பழைய பாடம் அங்கேயேதான் இருக்கிறது. அதை அடக்கி வைக்கிற புதிய பாடம் ஒன்று கூடச் சேர்ந்திருக்கிறது.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மழையில் மண் சரிந்து 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை அடைபட்டால், வண்டிகளைக் குப்பனூர் வழியாக விடுவார்கள். அதனால் பழைய ரோடு காணாமல் போய்விடுவதில்லை. சிகிச்சை என்பது குப்பனூர் ரோடு போடுகிற வேலைதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி, ‘சத்தம் வந்தது, ஆனால் அடி வரவில்லை’ என்பதைக் கற்று அமிக்டலாவை அமர்த்துகிறது. போகப் போகத்தான் அந்த ரோடு அகலமாகும். களைப்பிலும் புது நெருக்கடியிலும் வண்டி பழைய பாதைக்கே திரும்பப் பார்க்கும்.

இரண்டாவது ரோடு போடப்படாதவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பையனை இரண்டு வருஷம் முன்பு ஒரு தட்டுவடை செட் கடையில் பார்த்தேன். இப்போது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். பின்னால் யாரோ பைக்கை ஓங்கி ஸ்டாண்டு போட்டார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். “அப்பா போய் பதினோரு வருஷம் ஆச்சுடா” என்றான், சிரித்துக்கொண்டே.

பிள்ளைகளுக்கான சிகிச்சைகளில் நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்று வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள் வரை நடக்கும். எடுத்த எடுப்பில் ‘என்ன நடந்துச்சு, சொல்லு’ என்று கேட்பதில்லை. முதலில் பயம் உடம்பில் எங்கே வருகிறது என்று காட்டச் சொல்வார்கள்: வயிறா, தொண்டையா, கையா. அப்புறம் மூச்சு. மூச்சை நிதானமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைக் குறைக்கிறது. ஐந்து வயசுப் பிள்ளைக்கு நரம்பெல்லாம் தெரிய வேண்டாம், சோப்பு நுரைக் குமிழி ஊதினால் போதும். இவ்வளவும் கைவந்த பிறகுதான் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வரையவும் சொல்லவும் வைப்பார்கள். பயம் ஏறினால் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி தொடங்குவார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும், அந்த நினைவு வந்தும் கெட்டது எதுவும் நடக்காத ஓர் அறை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது.

பள்ளி வயசு வராத குழந்தைகளுக்கு வேறு வழி. சான்பிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மன் என்ற உளவியலாளரின் குழுவினர் தாயையும் குழந்தையையும் சேர்த்தே உட்காரவைத்தார்கள், வாரம் ஒரு முறை, ஏறக்குறைய ஒரு வருஷம். 2005-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 75 தாய்–சேய் ஜோடிகள். குழந்தைகளின் பயமும் முரட்டுத்தனமும் குறைந்தன, தாய்மார்களின் அறிகுறிகளும் குறைந்தன. குழந்தை பொம்மைக் காரைச் சுவரில் மோதிக்கொண்டே இருக்கும். அது என்ன சொல்கிறது என்பதை அம்மாவுக்கு விளங்கவைப்பதுதான் அங்கே வேலை. ‘அவன் தூங்கிட்டிருந்தான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று எத்தனையோ அம்மாக்கள் நம்புகிறார்கள். அவனுக்குத் தெரியும். தன்னால்தான் சண்டை வந்தது என்றுகூட நினைத்துக்கொண்டிருப்பான். ‘உன் தப்பு இல்லடா கண்ணு’ என்று அம்மா வாயாலேயே கேட்பதற்கு ஈடாக ஒரு டாக்டர் எதையும் சொல்லிவிட முடியாது.

இதற்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அடி நின்றிருக்க வேண்டும். ஸ்டாண்டு சத்தத்துக்குப் பின்னால் இன்றைக்கும் அடி விழுகிற வீட்டில் அமிக்டலா சொல்வது பொய்யில்லை. அங்கே புதிய பாடம் ஏறாது, ஏறவும் கூடாது. அதனால்தான் கைதேர்ந்த ஆலோசகர்கள் மனசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கதவு, பணம், பஸ் நேரம் பற்றிப் பேசுகிறார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறவளுக்கு, புருஷனை விட்டு வருவது வீட்டையும் வேலையையும் விட்டு வருவதாகிவிடலாம். ராத்திரி மலையிறங்க என்ன வண்டி இருக்கிறது என்பதும் அவளுக்குச் சிகிச்சையின் ஒரு பாகம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரு பையில் போட்டு நம்பகமான ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். ஆலோசகர் இன்னொன்றும் கேட்பார்: ‘எப்பவாவது கழுத்தை நெரிச்சிருக்காரா?’ அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பெல் என்ற செவிலியர்–ஆய்வாளர் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டில் கனமான கேள்விகளில் இது ஒன்று. காயம் தெரியாவிட்டாலும், கழுத்தில் கைவைத்தவன் ஒருநாள் கொலைவரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பிரிந்து கிளம்புகிற நாட்களில் ஆபத்து இன்னும் கூடும். அதனால் ‘உடனே கிளம்பு’ என்று வெளியிலிருந்து சொல்வதும் அவ்வளவு நல்ல யோசனை இல்லை.

இந்த இடத்தில்தான் நம் பஞ்சாயத்துகளோடு எனக்குச் சண்டை. ‘ரெண்டு பேரையும் உட்காரவைச்சுப் பேசிடலாம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா.’ அடிக்கிறவன் எதிரில் உட்கார்ந்து அவள் உண்மையைச் சொன்னால் அன்று ராத்திரி அதற்குக் கணக்குத் தீர்க்கப்படும். சொல்லாவிட்டால் ‘பிரச்சினை ஒன்றுமில்லை’ என்று முடிந்துவிடும். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதை யோசித்திருக்கிறது. ஆலோசனை கொடுக்கும்போது, அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்த்தரப்பை விடக்கூடாது என்று அதன் விதிகளிலேயே இருக்கிறது. ‘அவ வாய் அதிகங்க’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அந்தச் சட்டப்படி மாஜிஸ்ட்ரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் குடியிருக்கும் உத்தரவும் கேட்கலாம். மனு கிடைத்து சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும். மனுப்போட உதவுவதற்கு மாவட்டத்துக்கு மாவட்டம் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

அடிக்கிறவர்களுக்கும் பயிற்சிகள் உண்டு. அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980-களில் தொடங்கிய முறை பல நாடுகளுக்குப் போயிருக்கிறது, ஆய்வுகளில் தெரிந்த பலன் சிறியதுதான். குடியை நிறுத்தினால் அடி குறைவது உண்டு. ஆனால் போனைப் பிடுங்கிப் பார்ப்பதும், கூலியை வாங்கிக்கொள்வதும், அம்மா வீட்டுக்குப் போகக்கூடாது என்பதும் குடிக்காத நாளிலும் நடப்பவை.

முன்னேற்றம் நேர்கோட்டில் வராது. ஆறு மாசம் நன்றாகத் தூங்கிய பிள்ளை, ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் திருவிழா வெடிச்சத்தத்தில் மறுபடி பாயை நனைக்கலாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, பாவ்லோவின் நாய்க்கு நடந்ததுதான். அம்மா திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பழைய மூச்சுப் பயிற்சியை எடுத்தால், பயம் அடங்க முதல் தடவை பிடித்த நேரம் இப்போது பிடிக்காது.

பெண்களுக்கான உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416. போனைப் புருஷன் வாங்கிப் பார்க்கிற வீடாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்கா போனிலிருந்து கூப்பிடுங்கள். சொந்தப் போன்தான் என்றால், பேசி முடித்ததும் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.