ஹைபிரிட் கார் ஈஜிஆர் கோளாறு: வால்வை மாற்றும் முன் வயரை அளந்து பாருங்கள்

செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேன் டூலில் ஈஜிஆர் (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) என்று வந்ததுமே வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டுகிறார்கள். அப்படியும் விளக்கு அணையாவிட்டால் புது வால்வு. வண்டிக்காரருக்கு வீண் செலவு. குறியீட்டை முழுதாகப் படித்தாலே இதைத் தவிர்க்கலாம். பி0401 என்றால் திரும்பி வரும் புகையின் அளவு போதவில்லை. அந்தப் புகையைக் குளிர்விக்கும் கூலரிலோ, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிபோல்டின் சிறு துளைகளிலோ கரி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பி0403 அப்படியல்ல. வால்வை இயக்கும் மின்சுற்றில் பழுது என்கிறது. அங்கே எவ்வளவு சுரண்டினாலும் பலன் கிடையாது.

ஹைபிரிட்டில் முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் பேட்டரி. பெரும்பாலான முழு ஹைபிரிட் கார்களில் இன்ஜினைச் சுழற்றிவிடுவது உயர் மின்னழுத்த பேட்டரி என்பதால், சிறிய பேட்டரி பலமிழந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. ‘ரெடி’ (வண்டி ஓடத் தயார்) நிலைக்குப் போகாமல் இக்னிஷனை மட்டும் போட்டு ஸ்கேன் டூலோடு உட்கார்ந்தால் அது வேகமாக இறங்கும். மின்னழுத்தம் குறைந்தால் இல்லாத கோளாறுகளும் குறியீடாக வந்து நிற்கும். சார்ஜரை மாட்டிவிட்டுச் சோதியுங்கள். ‘ரெடி’யில் இருக்கும்போது இன்ஜின் சொல்லாமல் ஓடத் தொடங்கும், கையை உள்ளே விடாதீர்கள். ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவே கூடாது.

மூன்றாம் தலைமுறை பிரியஸில் ஈஜிஆர் வால்வு ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாக நகரும் மோட்டார்) வகை: ஆறு பின் (இணைப்பு முனை), அவற்றில் இரண்டு சப்ளை, நான்கு காயில். இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, ஒவ்வொரு காயில் பின்னுக்கும் அதற்குரிய சப்ளை பின்னுக்கும் இடையே மின்தடையை அளங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகினாலோ திறந்த சுற்றாகக் காட்டினாலோ வால்வே பழுது. நான்கும் ஒத்திருந்தால் வயரிங் பக்கம் போங்கள்.

மெக்கானிக்குகள் ஏமாறுவது இங்கேதான். சப்ளை பின்னில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியதும் “வயர் நன்றாக இருக்கிறது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். ஒரே ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு மின்னழுத்தத்தைக் காட்டும். சிறிய டெஸ்ட் லேம்பைச் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மாட்டி, அது எரியும்போது மின்னழுத்தத்தை அளங்கள். சட்டென்று இறங்கினால் வழியில் எங்கோ துரு, தளர்ந்த பின், அல்லது வெப்பத்தில் உறை வெடித்த வயர். இந்த லேம்பை இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) காயிலை இயக்கும் வயர்களில் வைக்காதீர்கள், இசியூ கெட்டுவிடும். அவற்றுக்கு இரு முனைக் கனெக்டரையும் கழற்றிவிட்டுத் தொடர்ச்சி பாருங்கள்: 1 ஓமுக்குக் கீழ் இருக்க வேண்டும், கிரவுண்டோடு தொடர்பு இருக்கக் கூடாது. அளக்கும்போதே வயர்க் கட்டை அசைத்துப் பாருங்கள்; விட்டு விட்டு வரும் கோளாறு அப்போதுதான் பிடிபடும்.

மின்சுற்று சுத்தம், குறியீடு பி0401 என்றால், இன்ஜின் தானாக அணையாதபடி பராமரிப்பு நிலையில் ஐடிலில் ஓடவிட்டு, ஸ்கேன் டூல் மூலம் வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். மேனிபோல்டு அழுத்தம் உயர்ந்து இன்ஜின் தடுமாற வேண்டும். எதுவுமே மாறாவிட்டால் வால்வு திறக்கவில்லை, அல்லது பாதை அடைத்திருக்கிறது. சில சிலிண்டர்களின் துளை மட்டும் அடைத்தால் மீதிச் சிலிண்டருக்குப் புகை அதிகமாகப் போய் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமை) வரும்; அதைப் பார்த்து இக்னிஷன் காயிலை மாற்றிவிடாதீர்கள்.

கூலரைக் கழற்றியிருந்தால் புது கேஸ்கெட் போட்டு, கூலன்டில் காற்று இல்லாமல் வெளியேற்றுங்கள். குறியீட்டை அழித்ததும் வண்டியை ஒப்படைக்க வேண்டாம். ஓட்டிப் பார்த்து, ஈஜிஆர் மானிட்டர் (வண்டி தானே செய்துகொள்ளும் சோதனை) ‘நிறைவு’ என்று காட்டிய பிறகு கொடுங்கள்.