நிவாரணம்: மழைக்கு முன்னா, பின்னா?

வெள்ளம் வடிந்த மறுநாள் எல்லார் வாயிலும் வரும் சொல் நிவாரணம். நிவாரண முகாம், நிவாரணத் தொகை, நிவாரண நிதி. ஆனால் இதன் வேரைத் தேடிப் போனால் சிரிப்பு வரும், ஏனென்றால் சமஸ்கிருதத்தில் நிவாரண என்றால் தடுத்தல், விலக்குதல், அண்டவிடாமல் நிறுத்துதல். (யானைக்கு வாரணம் என்று பேர் வந்ததும் எதிர்த்துத் தடுக்கும் வலிமையால்தான் என்று வடமொழி அகராதிகள் சொல்லும்.) வலி நிவாரணியில் அந்தப் பழைய பொருள் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றபடி நம்மிடம் அது எல்லாம் போன பிறகு கையில் கொடுக்கும் காசு என்றாகிவிட்டது.

பழைய பொருளில் பார்த்தால், காசுள்ளவருக்கு நிவாரணம் மழைக்கு முன்பே கிடைத்துவிடுகிறது. 2024 அக்டோபரில் மதுரையில் பேய்மழை பெய்து செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்கால் தண்ணீர் தெருவுக்குள் வந்ததே, அப்போது பேஸ்மட்டத்தை நாலு படி தூக்கிக் கட்டியிருந்தவர் வாசலில் நின்று செல்போனில் படம் எடுத்தார். எதிர்ச் சந்தில், காம்பவுண்டு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் அக்கா ரேஷன் அரிசிப் பையைக் கட்டில்மேல் ஏற்றினார், கட்டில் விளிம்புக்கும் தண்ணீர் வந்ததும் பிள்ளைகளின் புத்தகப் பையையும் ஆணியில் தொங்கிய ரேஷன் கார்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார்.

கார்டை ஏன் எடுத்தார் என்று கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னைப் பக்கம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்களே, அது ரேஷன் கடையில் டோக்கன் போட்டுத்தான் வந்தது. கார்டு சொந்த ஊர் முகவரியில் இருந்தால் தனியாக விண்ணப்பம் எழுதி அலைய வேண்டும். அப்புறம், வரிசையில் நிற்கும் நாளுக்குக் கூலி யார் தருவார்?

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? துயர்துடைப்பு என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் கண்ணைத் துடைத்துவிட்டுப் போய்விடுவது போல எனக்குத் தோன்றும். இடருதவி இன்னும் நேரானது, பின்னால் வரும் அரிசிக்கும் போர்வைக்கும் காசுக்கும் அதுவே போதும். வாய்க்காலைத் தூர்வாருவது, கரை கட்டுவது, தாழ்ந்த வீடுகளை உயர்த்திக் கட்ட உதவுவது, இதற்கெல்லாம்தான் நிவாரணம் என்ற பேர் நியாயமாகப் பொருந்தும். அதை இனி இழுத்துப் பழைய இடத்தில் உட்காரவைக்க முடியாது என்பதால், இவற்றுக்கு இடர்த்தடுப்பு என்று வைத்துக்கொள்வோம்.