மின்னல் நொடியில முடியுது, இடி மட்டும் ஏன் அவ்ளோ நேரம் உருளுது?

கோடை மழை ஆரம்பிச்சதுலேர்ந்து இடி மின்னல் பத்தி நிறைய கேள்வி வருது. அதுல ஒண்ணு பெரம்பலூர் பக்கத்துலேர்ந்து, ஒன்பதாம் கிளாஸ் படிக்கிற பையன் அனுப்பினது. "சார், ஒளி வேகமா வருது, ஒலி மெதுவா வருது, அதனால மின்னல் முதல்ல தெரியுது, இடி அப்புறம் கேக்குது, அது வரைக்கும் புரியுது. ஆனா மின்னல் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிருது, இடி மட்டும் ஏன் சார் உருண்டுகிட்டே இருக்கு?"

ரொம்ப நல்ல கேள்வி. ஏன்னா பாடப் புத்தகம் முதல் பாதியோட நின்னுடும், பரீட்சையிலயும் அவ்ளோதான் கேப்பாங்க. ஆனா ஒளிக்கும் ஒலிக்கும் இருக்கிற வித்தியாசத்தோட அழகே இந்த ரெண்டாவது பாதியிலதான் இருக்கு.

அடிப்படையை சீக்கிரமா பாத்துடுவோம். ஒளியோட வேகம் நொடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர். 1983லேர்ந்து மீட்டருங்கிற அளவையே இதை வெச்சுத்தான் வரையறுத்திருக்காங்க, அதனால இந்த நம்பர் இனிமே மாறவே மாறாது. ஒலியோட வேகம் அப்படி இல்ல, அது காத்தோட வெப்பநிலையைப் பொறுத்தது. 0 டிகிரியில நொடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரி ஏற ஏற சுமார் 0.6 மீட்டர் கூடும், அப்போ நம்ம ஊர் 30 டிகிரியில கிட்டத்தட்ட 349 மீட்டர். ஒளி அதைவிட எட்டரை லட்சம் மடங்குக்கு மேல வேகம். ஒளிக்கு போறதுக்கு எந்தப் பொருளும் தேவையில்ல, வெற்றிடத்துலயே போயிடும். ஒலி காத்து மூலக்கூறுங்க ஒண்ணோட ஒண்ணு மோதித்தான் நகரணும், அந்த மூலக்கூறுங்களே சராசரியா நொடிக்கு 500 மீட்டர் வேகத்துலதான் அலையுது, அப்புறம் அதுங்க கைமாத்தி விடற ஒலி மட்டும் எப்படி அதைவிட வேகமா போகும்?

இந்த வேகங்களை அளந்த கதையும் சுவாரஸ்யம்தான். வில்லியம் டெர்ஹாம்னு ஒரு பாதிரியார், லண்டன் பக்கத்துல அப்மின்ஸ்டர்ங்கிற ஊர் சர்ச் கோபுரத்து மேல ஏறி நின்னு, பல மைல் தள்ளி சுடற துப்பாக்கியோட வெளிச்சத்தை டெலஸ்கோப்ல பாத்து, சத்தம் வந்து சேர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு அளந்தார். முடிவை 1709ல வெளியிட்டார், இன்னிக்கு நாம சொல்ற கணக்குக்கு ரொம்ப பக்கத்துல இருந்துச்சு. அவர் செஞ்சதுல கவனிக்க வேண்டியது, வெளிச்சம் வந்து சேர நேரமே ஆகலைன்னு வெச்சுக்கிட்டார், பூமியில இருக்கிற தூரத்துக்கு அது சரியும்கூட. ஒளிக்கும் ஒரு வேகம் இருக்குன்னு கண்டுபிடிக்க வியாழன் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. 1676ல ஓலே ரோமர்ங்கிற வானியலாளர், பூமிக்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கிற தூரம் மாற மாற, வியாழனோட நிலாவான அயோ மறையுற நேரம் முன்னபின்ன ஆகறதைக் கவனிச்சு, ஒளி வர நேரம் எடுத்துக்குதுன்னு சொன்னார்.

சரி, இப்போ இடிக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நிதானமா போகலாம்.

மின்னல் ஒரு புள்ளியில நடக்கிற வெடிப்பு இல்ல, அது ஒரு கோடு. ரெண்டு மூணு சென்டிமீட்டர் தடிமன்தான், ஆனா நீளம் பல கிலோமீட்டர். மேகத்துலேர்ந்து தரைக்கு வர பாகம் மட்டும்தான் நம்ம கண்ணுக்குத் தெரியுது, மேகத்துக்குள்ள அது கிளை கிளையா பிரிஞ்சு படுக்கைவாட்டுல இன்னும் நீளமா ஓடியிருக்கும். மின்சாரம் பாயும்போது அந்தக் கோட்டுல இருக்கிற காத்து ஒரு நொடியில லட்சத்துல சில பங்கு நேரத்துல சுமார் 30,000 டிகிரிக்கு சூடாகுது. சூரியனோட மேற்பரப்பே 5,500 டிகிரிதான். அவ்ளோ சூடான காத்துக்கு விரிய நேரமே கிடைக்கல, அதனால அழுத்தம் தாறுமாறா ஏறி, சுத்தி இருக்கிற காத்தை பயங்கரமா தள்ளுது. முதல் சில மீட்டர் தூரம் அது ஒலியை விட வேகமா போற ஷாக் வேவ், அப்புறம் வலு குறைஞ்சு சாதாரண ஒலியா மாறிடுது. அதுதான் இடி. முக்கியமா, இது அந்தக் கோட்டோட ஒவ்வொரு இன்ச்லயும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல நடக்குது.

இப்போ ஒரு மூணு கிலோமீட்டர் நீளத்துக்கு ரோட்டுல சரவெடி போட்டு வெச்சிருக்காங்கன்னு வெச்சுக்குங்க. திரி பத்த வெச்சு ஒண்ணு ஒண்ணா வெடிக்காம, அத்தனை வெடியும் ஒரே நொடியில வெடிக்குது. நீங்க ரோட்டோட ஒரு முனையில நிக்கிறீங்க. உங்க காலடியில இருக்கிற வெடி உடனே கேக்கும், ஒரு கிலோமீட்டர் தள்ளி வெடிச்சது மூணு நொடி கழிச்சு கேக்கும், கடைசி முனையில வெடிச்சது ஒன்பது நொடி கழிச்சு. ஒரே நொடியில முடிஞ்சுபோன வெடிச் சத்தம் உங்க காதுக்கு ஒன்பது நொடி நீளமான சத்தமா வருது. அதே சரத்தை உங்களைச் சுத்தி வட்டமா போட்டிருந்தா? எல்லாம் ஒரே தூரம், எல்லா சத்தமும் ஒண்ணா வந்து ஒரே ஒரு 'டமார்'.

இடி உருள்றதும் இதனாலதான். மின்னலோட கிட்ட முனை உங்கள்லேர்ந்து ஒரு கிலோமீட்டர்ல இருக்கு, தூர முனை மேகத்துக்குள்ள ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னா, முதல் சத்தம் மூணாவது நொடியில வரும், கடைசி சத்தம் பதினேழாவது நொடியில வரும், நடுவுல பதினாலு நொடி உருண்டுகிட்டே இருக்கும். ஒளிக்கும் இதே அஞ்சு கிலோமீட்டர் வித்தியாசம் இருக்கத்தான் செய்யுது, ஆனா அதுக்கு ஆகற நேரம் ஒரு நொடியில பத்து லட்சத்துல 17 பங்கு, எந்தக் கண்ணாலயும் பிரிச்சுப் பாக்க முடியாது. அதனால கண்ணுக்கு முழு மின்னலும் ஒரே தடவையில கெடைக்குது, காதுக்கு அதே மின்னல் நேரத்துல நீட்டி விரிச்சு, கிட்ட இருக்கிறதுலேர்ந்து தூரத்துல இருக்கிறது வரைக்கும் வரிசையா கெடைக்குது. இடியைக் கேக்கும்போது நீங்க மின்னலோட வடிவத்தைத்தான் கேக்குறீங்க. எத்தனை தடவ யோசிச்சாலும் எனக்கு இது புல்லரிக்குது.

இன்னும் இருக்கு. உருளும்போது நடுவுல திடீர்னு ஒரு பெரிய வெடி கேக்கும், அப்புறம் கொஞ்சம் அடங்கும், மறுபடி ஒண்ணு வெடிக்கும், கவனிச்சிருக்கீங்களா? மின்னல் நேர்க்கோடு இல்ல, வளைஞ்சு நெளிஞ்சு போகுது. அதுல ஏதாவது ஒரு துண்டு உங்களுக்குக் குறுக்கால, அதாவது அதோட எல்லா இடமும் உங்கள்லேர்ந்து ஏறக்குறைய ஒரே தூரத்துல இருக்கற மாதிரி அமைஞ்சிட்டா, அந்தத் துண்டோட சத்தம் முழுசும் ஒண்ணா வந்து சேரும், அதான் அந்த வெடி. இன்னொரு துண்டு உங்களுக்கு நேரா விலகிப் போற மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா அதோட சத்தம் பிரிஞ்சு பிரிஞ்சு வரும், அது உறுமல். அதனால ஒரே மின்னலுக்கு உங்க வீட்ல கேட்ட இடியும் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உங்க மாமா வீட்ல கேட்ட இடியும் ஒண்ணா இருக்காது. இது போக, ஒரே மின்னல் பாதையில மூணு நாலு தடவை மின்சாரம் பாயறதும் உண்டு, மலை, கட்டடத்துல பட்டு எதிரொலிக்கிறதும் சேரும். தூரத்து இடி கம்முன்னு அடித் தொண்டையில கேக்கறதுக்குக் காரணம், கீச்சுன்னு இருக்கிற ஒலிகளை காத்து வழியிலேயே விழுங்கிடுது, கனமான ஒலிதான் கடைசி வரைக்கும் வந்து சேருது.

இதை விஞ்ஞானிங்க தலைகீழாவும் செஞ்சு பாத்திருக்காங்க. அமெரிக்காவுல ரைஸ் பல்கலைக்கழகத்துல ஆர்தர் ஃப்யூங்கிறவர் 1970கள்லயே சில மைக்ரோஃபோன்களைத் தள்ளித் தள்ளி வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் இடி வந்த நேர வித்தியாசத்தை வெச்சு, மேகத்துக்குள்ள கண்ணுக்கே தெரியாம இருந்த மின்னலோட பாதையைக் கணக்குப் போட்டு வரைஞ்சார். வெறும் சத்தத்தை வெச்சு!

பெரம்பலூர் தம்பி, உன்னாலயும் ஒரு சின்ன கணக்கு போட முடியும். வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டே போன்ல ஸ்டாப்வாட்ச் போடு. மின்னலைப் பாத்ததுலேர்ந்து முதல் சத்தம் வர எத்தனை நொடி, கடைசி சத்தம் அடங்க எத்தனை நொடின்னு குறிச்சுக்கோ. முதல் நம்பரை 0.35ஆல பெருக்கினா மின்னலோட மிக அருகாமை பாகம் எத்தனை கிலோமீட்டர்னு தெரியும். ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசத்தை அதேபோல பெருக்கினா, அந்த மின்னல் குறைஞ்சபட்சம் எவ்ளோ நீளம்னு தெரியும். எதிரொலி இல்லாத சமவெளியா இருந்தா கணக்கு நல்லா வரும். உலகத்துலயே நீளமான மின்னல்னு உலக வானிலை அமைப்பு பதிவு பண்ணியிருக்கிறது 829 கிலோமீட்டர், 2017 அக்டோபர் 22ல அமெரிக்காவுல, டெக்ஸஸ்லேர்ந்து கான்சஸ் சிட்டி பக்கம் வரைக்கும். அந்த தூரத்தை ஒளி கடக்க ஒரு நொடியில ஆயிரத்துல மூணு பங்குகூட ஆகாது, ஒலிக்கு நாப்பது நிமிஷம் ஆகும்.

ஆனா ஒலி நடைமுறையில அவ்ளோ தூரம் வராது. இடி 15லேர்ந்து 25 கிலோமீட்டருக்கு மேல பெரும்பாலும் கேக்காது, அதுக்கும் வெப்பநிலைதான் காரணம். தரைப்பக்கம் காத்து சூடு, மேல போகப் போக குளிர்ச்சி. சூடான காத்துல ஒலி வேகமா போறதால அலையோட அடிப்பக்கம் முந்திக்குது, மேல்பக்கம் பிந்துது, மொத்த அலையும் வானத்தைப் பாக்க வளைஞ்சிடுது. ஒரு தூரத்துக்கு மேல இடி உங்க தலைக்கு மேல கடந்து போயிடும். ராத்திரி அடிவானத்துல சத்தமே இல்லாம வெட்டிக்கிட்டு இருக்கே மின்னல், அது சத்தமில்லாத மின்னல் இல்ல, சத்தம் உங்களைத் தொடாம போயிடுச்சு.

இதுலேர்ந்து வர முக்கியமான விஷயம், இடிச் சத்தம் காதுல விழுந்துட்டாலே நீங்க மின்னல் எட்டுற தூரத்துல இருக்கீங்கன்னு அர்த்தம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 நொடிக்குக் கம்மியா இருந்தா பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு கணக்கு, உடனே கட்டடத்துக்குள்ள போயிடணும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரைக்கும் வெளிய வரக்கூடாது. நம்ம ஊர்ல இடி இடிச்சா "அர்ச்சுனா அர்ச்சுனா"ன்னு சொல்லச் சொல்வாங்க. பயந்த குழந்தைக்கு அது தைரியம் குடுத்தா குடுக்கட்டும், ஆனா அந்த இடி காதுல விழுந்தப்பவே அந்த மின்னல் அடிச்சு முடிச்சாச்சு, அடுத்தது எங்க விழும்னுதான் நாம கவலைப்படணும். அந்த நேரத்துல ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணச் சொல்லிக் குடுங்க, உயிரைக் காப்பாத்தும். இதைவிட எனக்குக் கோவம் வர்ற நம்பிக்கை ஒண்ணு இருக்கு. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கம் மின்னல் தாக்கினவங்களை சாணியில புதைச்சு வெச்சா பிழைச்சிடுவாங்கன்னு சில இடத்துல இன்னமும் செய்யுறாங்க. மின்னல் பட்டவங்க உடம்புல மின்சாரம் எதுவும் தங்கி இருக்காது, தாராளமா தொடலாம். இதயம் நின்னுபோயிருந்தா உடனே நெஞ்சை அழுத்தி சிபிஆர் குடுக்கணும், 108க்கு போன் பண்ணணும். அந்த சில நிமிஷத்தை சாணியில வீணாக்கறது ஒரு உயிரைக் கையாலேயே தள்ளி விடறது.

மின்னல் இல்ல, ஆனா இதே வேக வித்தியாசம் ஒரு ஊரையே காயப்படுத்தின சம்பவமும் இருக்கு. 2013 பிப்ரவரி 15, ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் நகரத்து மேல ஒரு விண்கல் வெடிச்சுது. சூரியனை விட பிரகாசமா ஒரு வெளிச்சம். ஜனங்க என்னன்னு பாக்க ஜன்னலுக்குப் பக்கத்துல வந்து நின்னாங்க. ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகி ஷாக் வேவ் வந்து சேந்தப்போ கண்ணாடியெல்லாம் உள்பக்கமா சிதறுச்சு. சுமார் 1,500 பேருக்கு காயம், பெரும்பாலும் கண்ணாடி குத்தினதுதான். பெரிய வெளிச்சம் பாத்தா ஜன்னலை விட்டு விலகி குனிஞ்சுக்கணும்னு தெரிஞ்சிருந்தா அந்த ரெண்டு நிமிஷம் தாராளமா போதும்.

மின்னலைப் புரிஞ்சுக்கறதுல நம்ம ஊட்டிக்கும் ஒரு பங்கு இருக்கு. அங்க டாடா ஆராய்ச்சி நிறுவனத்தோட கிரேப்ஸ்-3 ஆய்வகம் விண்வெளிக் கதிர்களை ஆராயறதுக்குக் கட்டினது, மேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 2014 டிசம்பர் 1ல ஒரு இடிமேகம் ஆய்வகத்து மேல வந்தப்போ, அந்தக் கதிர்களால காத்துல உருவாகி கிட்டத்தட்ட ஒளி வேகத்துல வர மியூவான்ங்கிற மின்சுமை உள்ள நுண்துகள்களோட எண்ணிக்கை குறைஞ்சதை வெச்சு, அந்த மேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் இருந்துச்சுன்னு கணக்குப் போட்டாங்க. 2019ல வெளியான இந்த முடிவு உலகம் முழுக்க பேசப்பட்டுச்சு. "இதுக்கெல்லாம் எதுக்குப் பணம், உடனடியா என்ன பிரயோஜனம்?"னு கேக்கறவங்ககிட்ட நான் இதைத்தான் சொல்வேன், எதுக்கோ வெச்ச கருவி எதையோ கண்டுபிடிச்சுக் குடுக்குது, ஆனா கருவின்னு ஒண்ணு அங்க இருக்கணும்.

உடனடிப் பிரயோஜனம் வேணும்னாலும் இருக்கு. மின்னல் வெட்டும்போது ரேடியோ அலையும் கிளம்புது, அது ஒளி வேகத்துல போகும். 200 கிலோமீட்டர்ல இருக்கிற நிலையத்துக்கும் 300 கிலோமீட்டர்ல இருக்கிற நிலையத்துக்கும் அது வந்து சேர நேரத்துல ஒரு நொடியில பத்தாயிரத்துல மூணு பங்கு வித்தியாசம் வரும். கருவிங்க அதை அழகா அளந்துடும், பல நிலையங்கள்ல கெடைச்ச நேரத்தைச் சேத்தா மின்னல் எங்க விழுந்துச்சுன்னு தெரிஞ்சிடும். ஃப்யூ இடியை வெச்சு செஞ்ச அதே கணக்குதான், ஒலிக்குப் பதிலா ஒளி வேகம். புனேயில இருக்கிற இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இப்படி நாடு முழுக்க சென்சார் வெச்சிருக்கு, அதை வெச்சுத்தான் 'தாமினி' ஆப் எச்சரிக்கை குடுக்குது. ஆனா 2022ல மட்டும் தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியாவுல 2,887 பேர் மின்னலால செத்திருக்காங்க. சாகறவங்கள்ல ரொம்பப் பேர் வயல்ல வேலை செய்யறவங்க, ஆடு மாடு மேய்க்கிறவங்க, மழைக்கு மரத்தடியில ஒதுங்கினவங்க. அவங்க கையில ஸ்மார்ட்போன் இருக்காது, இருந்தாலும் நாத்து நடும்போது யார் எடுத்துப் பாப்பா? ஒவ்வொரு ஊர்லயும் கோவில்லயோ சர்ச்லயோ மசூதியிலயோ பஞ்சாயத்து ஆபீஸ்லயோ ஒரு மைக் செட் இருக்கு. எச்சரிக்கை வந்த உடனே அதுல அறிவிக்க ஒரு ஆளை நியமிச்சு சம்பளம் குடுக்கறதுக்கு, செத்த பிறகு அறிவிக்கிற நிவாரணத் தொகையை விட ரொம்பக் கம்மியாத்தான் செலவாகும்.